பயாப்சி கொடுத்தாயிற்று, ஜெபம் வரவில்லை. இது விசுவாசக் குறைச்சலா?

தேரிக்காட்டுப் பெண் | ஜூன் 3, இரவு 11:48

இங்கே எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வயது 43. சொந்த ஊர் நாசரேத் பக்கம். இப்போது சென்னையில் பள்ளி ஆசிரியை. மே மாதக் கடைசியில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. மேமோகிராம் அறிக்கையில் 'பைராட்ஸ் 4பி' என்று போட்டிருந்தார்கள். நேற்று பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. ஆனால் ஸ்டேப்ளர் அடிப்பது போல டக்கென்று ஒரு சத்தம், ஐந்து முறை. ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம்.

கட்டியைவிட வேறொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 16 வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். 23-ஆம் சங்கீதத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். நேற்று அந்த மேஜையில் படுத்துக்கொண்டு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி வரவில்லை. மறந்துபோகவில்லை, நன்றாகத் தெரியும், வாய்க்கு வரவில்லை. இரவு முழங்கால் போட்டாலும் அப்படித்தான். "இயேசப்பா" என்று கூப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

சபையில் ஒரு அக்காவிடம் மட்டும் சொன்னேன். "பயப்படாதே, பயம் பிசாசு கொண்டுவருவது, பயந்தால் சுகம் வராது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து, பயப்படுகிறேனே என்று வேறு பயம். இப்படி இருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜெபவீரன் | ஜூன் 4, காலை 5:10

சகோதரி, இப்போதுதான் உங்களுக்காக ஜெபித்துவிட்டு எழுதுகிறேன். ஏசாயா 53:5 "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்கிறது. குணமாவோம் என்று இல்லை, கவனியுங்கள். கட்டி என்ற சொல்லையே இனி வாயில் எடுக்காதீர்கள். "நான் சுகமாயிருக்கிறேன்" என்று தினமும் சத்தமாக அறிக்கை செய்யுங்கள். ரிசல்ட் நல்லதாக வரும். விசுவாசத்தோடு இந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நெய்யூர் சிஸ்டர் | ஜூன் 4, காலை 9:32

மகளே, நான் 34 வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் அந்த 4பி-யைச் சொல்லிவிடுகிறேன். 4 என்றால் சந்தேகம், எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். புற்றுநோய் என்று அர்த்தமில்லை. 4பி-யில் நூறில் பத்திலிருந்து ஐம்பது பேருக்குள்தான் கெட்ட கட்டியாக இருக்கும். ஆகவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ரிசல்ட் வரும்வரை இணையத்தில் தேடிப் படிக்காதே.

இனி ஜெபம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர்களின் கையை எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். அந்த நேரத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஜெபம் வராது. உபதேசியார்களுக்கும் வராது. ஒரு சபைப் போதகர், ஐயர், என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் சொல்லுங்கம்மா, நான் கேட்கிறேன்" என்றார். கர்த்தருடைய ஜெபத்தை நான் சொல்லச் சொல்ல, ஆமென் மட்டும் அவர் சொன்னார். அவர் விசுவாசம் குறைந்தவர் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

மாற்கு 2-ஐ எடுத்துப் படி. திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து, கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. அவன் விசுவாசத்தை என்று இல்லை, அவர்கள் விசுவாசத்தை. படுக்கையில் கிடப்பவள் இப்போது நீ. கயிற்றைப் பிடிக்க நாலு பேரைத் தேடு, அது போதும்.

ஜெபவீரன் | ஜூன் 4, காலை 10:05

சிஸ்டர், உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் "அவர்கள்" என்பதில் அந்தத் திமிர்வாதக்காரனும் சேர்த்திதான். அவனுக்கும் விசுவாசம் இருந்ததால்தான் வரச் சம்மதித்தான்.

நெய்யூர் சிஸ்டர் | ஜூன் 4, காலை 11:20

சரி தம்பி, சேர்த்தியாகவே இருக்கட்டும். அன்று அவனால் நடந்து வர முடியவில்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

கருப்பட்டி | ஜூன் 4, இரவு 10:41

நான் இங்கே எழுதுகிற ஆள் இல்லை, படிக்கிற ஆள். ஜெபவீரன் எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார். வியாதியை அறிக்கை செய்யாதே, சுகத்தை அறிக்கை செய் என்று அங்கே ஒரு ஊழியர் சொன்னார். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஊசி போட்டால் சுகமாகவில்லை என்று நாமே ஒத்துக்கொள்வதாகும் என்றார். பிரிட்ஜில் இருந்த மருந்தை அவரே எடுத்துக் குப்பையில் போட்டார். நாலாவது வாரம் காலில் செருப்புக் கடி. அது ஆறவில்லை, கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு 11 நாள்தான் இருந்தார்.

கால் போனதற்காக அவர் அழவில்லை. "எனக்கு விசுவாசம் பத்தலை போலடா, அதான் ஆண்டவர் கேட்கலை" என்றுதான் அழுதார். 50 வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன மனுஷன் அந்த நினைப்போடு செத்தார். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இப்போதும் கோயிலுக்குப் போகிறேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன். சுகமளிக்கும் ஜெபம் ஆரம்பித்தால் எழுந்து வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன்.

அக்கா, கட்டியைக் கட்டி என்றே சொல்லுங்கள். டாக்டரிடம் ஒன்றும் மறைக்காதீர்கள்.

ஜெபவீரன் | ஜூன் 5, காலை 4:50

கருப்பட்டி அண்ணன், இரவு முழுக்க உங்கள் பதிவுதான் மனதில் ஓடியது. மருந்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை, ஒரு நாளும் சொல்லவும் மாட்டேன். ஆனால் நான் எழுதியதும் உங்கள் அப்பா கேட்டதும் ஏறக்குறைய ஒரே சொற்கள் என்பது தெரிகிறது. எனக்கு வருத்தமாக இருக்கிறது. கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார் என்பதை நான் விட மாட்டேன். என் அம்மாவின் வாழ்க்கையில் கண்ணால் கண்டேன். மருத்துவமும் அவர் கொடுத்ததுதான், அதையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

நெய்யூர் சிஸ்டர் | ஜூன் 5, காலை 8:15

சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். உன் நாட்களோடு 15 வருடம் கூட்டுவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப் போட வைக்கிறார். வாக்கு இருக்கிறதே, பற்று எதற்கு என்று ராஜா கேட்கவில்லை. அப்புறம், பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவிட்டுப் போகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கு மருந்து சொல்கிறார். அவர்களிடம் விசுவாசம் இல்லை என்று யார் சொல்வார்?

எங்கள் நெய்யூர் ஆஸ்பத்திரி 1838-இல் லண்டன் மிஷன் தொடங்கியது. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் இருபது வருடத்துக்கு மேல் எங்கள் பக்கத்தில்தான் ஆபரேஷன் செய்தார். ஜெபமும் கத்தியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டையும் பிரிக்கிற பேச்சு எங்களுக்குப் பழக்கமில்லை.

மானிப்பாய் | ஜூன் 5, இரவு 8:27

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சிஸ்டர் சொன்னதற்கு எங்கள் ஊரும் சாட்சி. 1847-இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில்தான் ஆஸ்பத்திரி வைத்தார். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். மனுசன் வந்தது சுவிசேஷம் சொல்ல. சொன்ன விதம் அது.

தங்கச்சி, எனக்கு 2011-இல் நெஞ்சு பிளந்து பைபாஸ் செய்தார்கள். முதல்நாள் இரவு வாட்டில் ஆறுதலான சங்கீதம் எதைத் திறந்தாலும் எரிச்சல்தான் வந்தது. அப்போது 88-ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் எங்கேயாவது ஒரு வெளிச்சம் வரும், இதில் வராது. இருட்டிலேயே முடிகிறது. ஆனால் முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அவ்வளவு கோபத்தையும் கொட்டுகிறான். அந்த ராத்திரி எனக்கு அது ஒன்றுதான் வாசிக்க முடிந்தது. 23 வராவிட்டால் 88-ஐப் பாருங்கள்.

திருச்சி அடைக்கலம் | ஜூன் 6, மாலை 6:03

நான் கத்தோலிக்கன். என் மனைவிக்கு 2019-இல் மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பங்குத்தந்தையை அழைத்து நோயில் பூசுதல் கொடுக்கலாம் என்றேன். "எனக்கு அவஸ்தைப் பூசுதலா? அப்படியானால் டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார்?" என்று அழுதுவிட்டாள். எங்கள் பாட்டி காலத்தில் அதைச் சாகப்போகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள், பெயரே அப்படி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது பெரிய நோயோடு போராடுகிற எல்லாருக்குமான திருவருட்சாதனம். சாமியார் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகுதான் சம்மதித்தாள்.

புனித வாரத்தில் ஆயர் மந்திரித்த எண்ணெய். நெற்றியில் ஒரு சிலுவை, இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு சிலுவை. அன்று இரவு அவள் கையைக் கழுவவில்லை. சாப்பாட்டை நான்தான் ஊட்டிவிட்டேன். உள்ளங்கையை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்கினாள். ஒரு செபம் சொல்லவில்லை, செபமாலைகூடத் தொடவில்லை. எண்ணெய் பட்ட கை, அது ஒன்றுதான் அவளிடம் இருந்த செபம்.

நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று நினைக்கிறேன். வியாதிக்காரருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5:14 உங்களுக்கும் உண்டே. உங்கள் ஐயரைக் கேட்டுப் பாருங்கள்.

தேரிக்காட்டுப் பெண் | ஜூன் 12, மாலை 4:36

நேற்று ரிசல்ட் வந்தது. கெட்ட கட்டிதான்.

எல்லாருடைய பதிவுகளையும் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போது அதிகம் எழுத முடியவில்லை. 88-ஆம் சங்கீதத்தை வாசித்தேன், மானிப்பாய் அண்ணா. நன்றி.

ஜெபவீரன் | ஜூன் 12, மாலை 5:02

ரிசல்ட் நல்லதாக வரும் என்று எழுதியவன் நான். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மன்னித்துவிடுங்கள் சகோதரி. தினமும் காலை 4 மணிக்கு உங்கள் பெயர் தெரியாமலே ஜெபிக்கிறேன்.

நெய்யூர் சிஸ்டர் | ஜூன் 12, இரவு 7:44

அழு மகளே. அடக்காதே. நாளைக்கோ மறுநாளோ டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுது. கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குள் நெறியில் (நிணநீர் முடிச்சில்) பரவியிருக்கிறதா, கட்டி ஹார்மோனால் வளர்வதா என்று பார்க்கும் ஹார்மோன் ரிசெப்டார் ரிசல்ட் என்ன, மார்பை முழுதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா. கேட்கும்போது கூட ஒருவரை வைத்துக்கொள், உனக்குப் பாதி காதில் விழாது. நாலு பேர் கிடைத்தார்களா?

தேரிக்காட்டுப் பெண் | ஆகஸ்ட் 11, காலை 11:15

இரண்டு மாதம் ஆயிற்று. சொல்லாமல் போனதற்கு மன்னிக்கவும்.

ஜூலை 1 ஆபரேஷன். கட்டியை மட்டும் எடுத்தார்கள். 2.1 செ.மீ. அக்குளில் எடுத்த 14 நெறிகளில் ஒன்றில் மட்டும் இருந்தது. இரண்டாம் நிலை. ஹார்மோன் ரிசெப்டார் பாசிட்டிவ், அதனால் பிற்பாடு பல வருடம் மாத்திரை உண்டு. ஜூலை 24 முதல் கீமோ. சிவப்பு மருந்து நாலு தடவை, 21 நாளுக்கு ஒரு தடவை. சிரிஞ்சில் அசல் ரோஸ்மில்க் நிறம். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், சொல்லாமல் இருந்திருந்தால் பயந்திருப்பேன். மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் துண்டு போட்டுக்கொள்ளச் சொன்ன ஆஸ்பத்திரி சிஸ்டருக்கு நன்றி, வாய்ப்புண் ரொம்ப வரவில்லை. முந்தாநாள் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில் கொத்தாகக் கிடந்தது. நானே நாவிதரை வரச்சொல்லி எடுத்துவிட்டேன்.

நாலு பேர் கிடைத்தார்கள் சிஸ்டர். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மூன்று பேர், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர். பக்கத்து வீட்டு அம்மா கிறிஸ்தவர் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு எனக்காக வேண்டிக்கொண்டு வருகிறார், புதன்கிழமை கஞ்சி கொண்டு வருகிறார். எங்கள் சேகரத்து ஐயரிடம் எண்ணெய் பூசக் கேட்டேன். ஆபரேஷனுக்கு முந்தைய சாயங்காலம் வந்தார். பேச்சு நீட்டாமல், பூசி, ஜெபித்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் பேசாமல்தானே உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

இதைச் சொல்லத்தான் வந்தேன். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். 71 வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. முதல் கீமோ முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி வாந்தி எடுத்து ஓய்ந்து, சமையலறை வாசலில் தரையில் படுத்திருந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. அம்மா ரசத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காது கொடுத்தேன். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்று போய்க்கொண்டிருந்தது. எனக்காகச் சொல்லவில்லை, பூண்டு உரிக்கும்போது சொல்வது அவர் வழக்கம். சின்ன வயதில் தினமும் கேட்டது. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற இடத்தில் ஒரு பல் கீழே உருண்டுவிட்டது, குனிந்து எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அதுவரை அந்தச் சங்கீதத்தை நான் சொல்ல வேண்டும், என் வாயால் வர வேண்டும் என்றே நினைத்திருந்தேன். என் விசுவாசம் என் நெஞ்சுக்குள் மட்டும் இருந்தால் ஜூன் 2-ஆம் தேதியே காலியாகியிருக்கும். அது அம்மாவின் வாயில் இருந்தது. சிஸ்டரின் பதிவில் இருந்தது. இன்னும் எனக்கு நீளமான ஜெபம் வரவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, மாற்கு 9-இல் வியாதிப்பட்ட பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் சொன்னதை மட்டும் சொல்கிறேன். முன்பு இந்த வசனத்தைப் பிள்ளைகளுக்குப் பாதி விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். இயேசு அந்த ஜெபத்தைத் திருத்தவில்லையே, பிள்ளையைக் குணமாக்கினார்.

பயம் போகவில்லை. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய ராத்திரியும் பயம்தான். இயேசப்பாவே கெத்செமனேயில் வியர்த்துப்போய் மூன்று தடவை ஒரே ஜெபத்தைச் செய்தார் என்றால், எனக்கு எதற்கு வெட்கம்?

ஜெபவீரன் தம்பி, அந்த 4 மணி ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். இரவில் அடிக்கடி அந்த நேரத்துக்குத்தான் விழிப்பு வருகிறது, ஒருவர் எழுந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு முழுச் சுகம் கிடைத்துவிட்டது என்று யாரிடமும் சாட்சி சொல்ல வேண்டாம். அதை நான் சொல்லும்வரை காத்திருங்கள்.

ஜெபவீரன் | ஆகஸ்ட் 11, மதியம் 12:30

காத்திருக்கிறேன் அக்கா.

கருப்பட்டி | ஆகஸ்ட் 11, இரவு 9:58

அப்பாவுக்கு யாராவது இப்படி ஒரு பூண்டு உரிக்கிற சங்கீதம் சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம். அந்த 11 நாளும் அவரோடு வாக்குவாதம்தான் செய்தேன். டாக்டர் பக்கம் நியாயம் என்னிடம் இருந்தது, அது அவருக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

நெய்யூர் சிஸ்டர் | ஆகஸ்ட் 12, காலை 7:20

தம்பி, வாக்குவாதம் செய்கிற மகன் பக்கத்தில் இருந்திருக்கிறாய். யாருமே வராத கட்டில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளே, கீமோ முடிந்து ஏழு முதல் பதினாலு நாள் வரை வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நாட்களில் கூட்டத்துக்குப் போகாதே, கோயிலும் வேண்டாம். காய்ச்சல் 100.4 தொட்டால் ஜெபக்குறிப்பு அனுப்புவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. ராத்திரி என்று பார்க்காதே.

மானிப்பாய் | ஆகஸ்ட் 12, மாலை 5:49

வேலூரில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ் கதையை எங்கள் ஐயர் பிரசங்கத்தில் சொல்லுவார். 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவர் திரும்ப நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து வேலூரில் அந்தப் பிரிவையே உருவாக்கினார். நடக்க வைக்காத ஆண்டவரை அவர் விடவில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை தங்கச்சி, எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன்.

தேரிக்காட்டுப் பெண் | அக்டோபர் 12, இரவு 8:10

நாலு சிவப்பு மருந்தும் முடிந்தது. எக்கோ எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறதாம். போன ஞாயிறு கோயிலுக்குப் போனேன், தலையில் துணி கட்டிக்கொண்டு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், கருப்பட்டி தம்பி. அங்கேயும் எல்லாம் நன்றாகக் கேட்கிறது. திருவிருந்துக்கு எழுந்து போகத் தெம்பில்லை, ஐயர் இறங்கி வந்து கொடுத்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். "மிஸ், முடி திரும்ப வருமா?" என்று ஒரு வாண்டு கேட்டான். வரும் என்றேன். "அப்போ சரி" என்று ஓடிவிட்டான்.

இனி வாரம் ஒரு தடவை வேறு மருந்து, 12 வாரம். 16-ஆம் தேதி காலை 9:30-க்கு முதல் தடவை. இதில் விரல் நுனிகள் மரத்துப்போகலாம் என்கிறார்கள். ஜனவரியில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், சாக்பீஸ் பிடிக்க வருமா என்று கவலை. யாருக்காவது தெரியுமா?

திருச்சி அடைக்கலம் | அக்டோபர் 12, இரவு 9:25

என் மனைவிக்கும் அந்த மருந்துதான். மருந்து ஏறும் நேரம் முழுக்க இரண்டு கையிலும் குளிர்ந்த ஐஸ் பை பிடித்துக்கொண்டிருந்தாள், உங்கள் டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மரத்துப்போவது கொஞ்சம் இருந்தது, ஏழெட்டு மாதத்தில் குறைந்தது. சட்டைப் பொத்தான் போடத்தான் சிரமப்பட்டாள். இப்போது பூ கட்டுகிறாள். 16-ஆம் தேதி 9:30-க்கு எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறோம் சகோதரி.

ஜெபவீரன் | அக்டோபர் 12, இரவு 9:40

4 மணிக்கும், 9:30-க்கும்.